சமையல் மேடை இடுக்கு: அடைக்கும் காரணமும் முறையும்



வீட்டைப் பெருக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம், சமையல் மேடையை நாளுக்கு இரண்டு தடவை கரித்துணியால் துடைக்கிறோம். ஆனால் மேடை போய்ச் சுவரில் முட்டுகிற இடத்தில் நூல் பிடித்தாற்போல் ஓர் இடுக்கு ஓடுகிறதே, அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. துணி மேலாகப் போகும். அழுக்கு உள்ளே போகும். சாம்பார்த் துளி, சோற்றுப் பருக்கை, கஞ்சி, தேங்காய்த் துருவல், பால் பொங்கிய ஈரம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. வெளிப் பார்வைக்குச் சுத்தமான மேடையில் இந்த ஒரு கோடு மட்டும் கறுத்துக் கிடக்கும்.

“அது சின்ன சந்துதானே, அதனால என்ன ஆயிடப் போவுது?” என்று பலர் கேட்பதுண்டு. என்ன ஆகும் என்பதையும், அதைச் சரியாக அடைக்கும் முறையையும் இந்த வெளியீட்டில் காண்போம்.

உங்கள் வீட்டில் ஒரு சோதனை

இன்று இரவு சமையல் முடிந்து, மேடையைத் துடைத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து டார்ச் விளக்கோடு போய், அடுப்புக்குப் பின்னால் உள்ள இடுக்கின்மேல் சட்டென்று வெளிச்சம் காட்டுங்கள். சிறு கரப்பான்கள் ஓடி ஒளிந்தால், அவை எங்கே போய் ஒளிகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் மேடையும் சுவரும் சேருமிடம், சிங்க் தொட்டியின் விளிம்பு, குழாய் சுவருக்குள் நுழையுமிடம் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

சமையலறையில் குடியிருப்பது பெரும்பாலும் பழுப்பு நிறமுள்ள சிறு கரப்பான். அதன் நீளம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் தெரியும். சாக்கடையிலிருந்து வரும் பெரிய செங்கரப்பான் வேறு, இது வேறு. இந்தச் சிறு கரப்பானின் ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். குஞ்சு பொரிக்கும் சமயம் வரையில் தாய் அந்தப் பையைத் தன் உடலோடு சுமந்து கொண்டே இடுக்கில் பதுங்கியிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும்.

கரப்பானின் உடல் தட்டையானது. குஞ்சுகள் ஒரு மில்லிமீட்டர் சந்தில்கூட நுழையும். முதுகும் வயிறும் இரு பக்கமும் உரசுகிற குறுகிய இடமே அதற்குப் பிடித்தமான இடம். அங்கே இருட்டும், அடுப்பின் கதகதப்பும், கஞ்சியும், ஈரமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. இவற்றில் ஈரம்தான் மிக முக்கியம். தண்ணீர் மட்டும் கிடைத்தால் இந்தக் கரப்பான் உணவில்லாமலே சில வாரங்கள் உயிரோடிருக்கும். தண்ணீர் அறவே கிடைக்காவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மடிந்துபோகும். ஈரமான இடுக்கை வைத்துக்கொண்டு கரப்பானை விரட்டப் பார்ப்பது, தொட்டி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு மாட்டைத் துரத்துவதைப் போன்றது.

நோய்க்கும் இடுக்குக்கும் உள்ள தொடர்பு

கரப்பான் சாக்கடையிலும் குப்பையிலும் நடந்த அதே காலோடு இரவில் தட்டின்மேலும், மூடாத பாத்திரத்தின்மேலும் நடக்கிறது. வயிற்றுப்போக்கையும் உணவு நஞ்சாதலையும் உண்டாக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதன் காலிலும் உடலிலும் குடலிலும் காணப்படுகின்றன. போகிற வழியில் எச்சமும் இடுகிறது. வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் கரப்பானே காரணம் என்று சொல்லவில்லை. குடிநீரும் கழுவாத கையும் அதைவிடப் பெரிய காரணங்களாகும். ஆனால் காய்ச்சிய தண்ணீரைக் கொடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பிறகு கரப்பான் நடந்த தட்டில் குழந்தைக்குச் சோறு போட்டால் பாடுபட்டதெல்லாம் வீண்தானே?

இன்னொன்றும் உண்டு. கரப்பானின் எச்சமும், அது உரித்துப் போடும் தோலும் காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கின்றன. ஒவ்வாமையுள்ள குழந்தைகளுக்கு இந்தத் தூள் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஈரச் சுவரில் படியும் கரும்பூசணமும் அப்படியே. “ராத்திரியானா புள்ளைக்கு இழுக்குது” என்று மருத்துவமனைக்கு வரும் தாய்மார்கள் தலையணையையும் தூசியையும் கவனிப்பதோடு அடுப்படி இடுக்கையும் ஒரு தரம் கவனிக்க வேண்டும்.

மருந்து அடித்தால் போதாதா?

கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகும்போது இத்தகைய பேச்சு அடிக்கடி நடக்கும்:

“நர்ஸம்மா, வாராவாரம் மருந்து அடிக்கிறோம். கோடும் போடுறோம். ஒண்ணு செத்தா பத்து வருதே!”

“நீங்க மேலதானே அடிக்கிறீங்க அக்கா? அது குடியிருக்கிறது உள்ளே. வீட்டை விட்டுட்டு வாசலுக்கு மருந்து அடிச்சா எப்படிக் குறையும்?”

“அப்ப உள்ளேயே பீய்ச்சி அடிச்சிரலாமா?”

“வேண்டாம் அக்கா. அந்த மேடையிலதான் நீங்க சப்பாத்தி தேய்க்கிறீங்க, காய் நறுக்குறீங்க. புள்ள அங்கதான் கையை வெச்சு வாயில போடுது.”

இதுதான் கருதிப் பார்க்க வேண்டிய விஷயம். பூச்சி மருந்து கரப்பானுக்கு மட்டும் விஷமல்ல. சுண்ணக்கட்டிபோல் விற்கப்படும் மருந்தைக் குழந்தை மிட்டாய் என்றும், எழுதும் சாக்குக் கட்டி என்றும் எண்ணி வாயில் வைத்துவிடலாம். எந்தப் பூச்சி மருந்தையும் சமையல் மேடைமேல் தெளிக்கவோ பூசவோ கூடாது. குழந்தை தவறுதலாக விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்ணை அழையுங்கள்.

ஆகவே முதல் வேலை இடுக்கை அடைப்பது. அடைத்த பிறகும் கரப்பான் மிஞ்சியிருந்தால் கதவுக் கீல், அலமாரி மூலை போன்ற, உணவு படாத, குழந்தைக்கு எட்டாத இடங்களில் கரப்பான் ஜெல் மருந்தைச் சிறு பொட்டாக வைக்கலாம்.

சிமெண்டு ஏன் நிற்பதில்லை?

பெரும்பாலான வீடுகளில் இந்த இடுக்கை ஒரு தரமாவது அடைத்திருப்பார்கள். ஒயிட் சிமெண்டைக் குழைத்து விரலால் தேய்த்து விடுவார்கள். நான்கு மாதம் பார்க்க அழகாக இருக்கும். பிறகு முடி போல் ஒரு விரிசல் ஓடும். மறுபடியும் சிமெண்டு பூசுவார்கள். மறுபடியும் விரிசல் விடும். கொத்தனார் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று குறை சொல்வார்கள். குற்றம் கொத்தனாரிடம் இல்லை. மேடையும் சுவரும் இரண்டு வெவ்வேறு பொருள்கள். இரண்டும் தனித்தனியே அசைகின்றன.

பத்தடி நீளமுள்ள கிரானைட் பலகையின் சூடு 20 டிகிரி கூடினால் அது சுமார் அரை மில்லிமீட்டர் நீளும். பின்னால் உள்ள செங்கல் சுவர் அதே அளவு நீளுவதில்லை. அடுப்பு எரியும்போது கல் நீளும், இரவில் சுருங்கும். தினமும் இப்படித்தான். இது போதாதென்று மேடைமேல் கிரைண்டர் சுற்றுகிறது, மிக்ஸி அதிர்கிறது, தேங்காய் உடைக்கிறோம், குடத்தை ‘தொப்’பென்று வைக்கிறோம். தமிழ்நாட்டில் 2011இல் விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் வழங்கும் திட்டம் தொடங்கிய பிறகு ஏழை எளியவர் வீட்டு மேடையும் இந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டியதாயிற்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

சிமெண்டு காய்ந்தால் கல் போல் ஆகிவிடும், இழுத்தால் நீளாது. ஆகவே பிளந்துகொள்கிறது. அந்தப் பிளவு மெல்லியதாக இருப்பதே ஆபத்து. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல மெல்லிய பிளவு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எளிதில் காயவும் விடாது.

கல்லின் சுவர் ஓரத்தில் வேண்டியது கல்லோடும் சுவரோடும் ஒட்டிக்கொண்டு, ரப்பரைப் போல நீண்டு சுருங்கும் ஒரு பொருள். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே கிரவுட் போடலாம், தவறில்லை. மேடையும் சுவரும் சேருமிடத்தில் மட்டும் சிமெண்டோ, கிரவுட்டோ, இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸியோ கூடாது. இவை யாவும் காய்ந்தால் இறுகிப் போகிறவை.

எதைக் கொண்டு அடைப்பது?

ஹார்டுவேர் கடைகளில் சிலிக்கான் பசை குழல்களில் கிடைக்கிறது. வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, ‘நியூட்ரல்’ என்று குறிப்பிட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் இன்னொரு வகை காயும்போது காடியின் புளித்த நெடி அடிக்கும். அதிலிருந்து அமிலம் வெளிப்படுவதே காரணம். கண்ணாடிக்கு அது பொருந்தும். கடப்பைக் கல்லுக்கும் பளிங்குக் கல்லுக்கும் சிமெண்டுப் பூச்சுக்கும் பொருந்தாது. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் அதன் பளபளப்பு போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது, பூசணம் பிடிக்காத வகையா என்று பாருங்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் உரியது என்று குழலிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

மூன்றாவது, தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய பசை ஒழுங்காகக் காயாது.

அளவு எவ்வளவு வேண்டும்? இடுக்கு 6 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் ஆழமும் இருந்தால் ஒரு மீட்டருக்கு 36 மில்லிலிட்டர் பசை பிடிக்கும். பத்தடி மேடைக்கு ஏறக்குறைய 110 மில்லிலிட்டர். குழலில் சுமார் 280 மில்லிலிட்டர் இருக்கும். அதாவது ஒரு குழல் இரண்டு வீட்டுக்குக் காணும். திறந்த குழல் வெகு நாள் தாங்காது. ஆதலால் அடுத்த வீட்டாரோடு சேர்ந்து வாங்கி ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் அடைத்துக்கொள்வது சிக்கனம். குழலை அழுத்தும் ‘கன்’னை ஒரு மகளிர் சுய உதவிக் குழு வாங்கி வைத்தால் தெரு முழுவதற்கும் பயன்படும்.

அடைப்பதற்கு முன்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இடுக்கு ஈரமாயிருக்கும்போது மேலே பசையைப் பூசி மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். பசை ஒட்டாது, சுவர் பொரியும், பூசணம் உள்ளுக்குள் வளரும். ஆகவே முதலில் ஈரத்தின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

(அ) மேடைமேல் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அது முன்பக்கமோ சிங்க் பக்கமோ ஓட வேண்டும். சுவர்ப் பக்கம் ஓடினால் மேடை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அடைத்தாலும் அங்கே தண்ணீர் தேங்கும். தினமும் துடைத்தாக வேண்டும். மேடையை மறுபடி அமைக்கும்போது சரிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

(ஆ) ஒரு நாள் முழுவதும் மேடையைக் காய வைத்திருந்தும் சுவர் ஈரமாகவே இருந்தால் தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை. சுவருக்குள் குழாய் கசியலாம். பின்புறம் குளியலறை இருக்கலாம். மழை ஈரம் இறங்கலாம். அதைச் சரி செய்யாமல் அடைப்பதில் பயனில்லை. பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

(இ) சிங்க் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். மேடைக்கு அடியிலும் விளக்கு வைத்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாய் ஒழுகினால் அதையும் சேர்த்து அடைக்க வேண்டும்.

செய்முறை

1. மேடைமேல் உள்ளவற்றை அகற்றுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

2. பழைய சிமெண்டு, பழைய பசை, எண்ணெய்ப் பிசுக்கு அனைத்தையும் பட்டி பிளேடாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் சுரண்டி எடுங்கள். பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாக ஒட்டாது. “கொஞ்சம்தானே, இருந்துட்டுப் போகட்டும்” என்று விட்டுவிட்டால் அந்த இடத்தில்தான் முதலில் பிரியும்.

3. சோப்புத் தண்ணீரால் தேய்த்துப் பிசுக்கைப் போக்குங்கள். கரும்பூசணம் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கலக்கித் தெளிய விட்டு, தெளிந்த நீரைத் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்தெடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், வினிகர், கழிவறைத் திரவம் எதையும் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சு வாயு கிளம்பும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விட வேண்டும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

4. இரண்டு நாள் முழுமையாகக் காய விடுங்கள். மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு பிளாஸ்டிக் தாளை இடுக்கின்மேல் பரப்பி, சுற்றிலும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் நீர் முத்து முத்தாகப் படிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

5. இடுக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாயிருந்தால் முழுவதையும் பசையால் நிரப்ப வேண்டாம். கடையில் கிடைக்கும் ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, மேலே 5 அல்லது 6 மில்லிமீட்டர் மட்டும் பசைக்கு விடுங்கள். இதில் செலவு மிச்சம். வேறொரு நன்மையும் உண்டு. பசை கல்லோடும் சுவரோடும் மட்டுமே ஒட்ட வேண்டும். அடியில் ஒட்டக் கூடாது. ரப்பர் பட்டையின் இரு முனையைப் பிடித்து இழுத்தால் நீளும். நடுவிலும் ஓர் ஆணி அடித்துவிட்டால் நீள முடியாமல் அறுந்துவிடும். பசையும் அப்படித்தான்.

6. இடுக்கின் மேலும் கீழும், அதாவது சுவரில் ஒரு வரிசையும் கல்லில் ஒரு வரிசையும், மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டுங்கள்.

7. குழலின் மூக்கை இடுக்கின் அகலத்துக்குச் சரியாக, சாய்வாக வெட்டுங்கள். முதலில் சிறிதாகவே வெட்டுங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

8. கன்னைச் சாய்த்துப் பிடித்து, மூலையில் தொடங்கி, நிறுத்தாமல் ஒரே சீராக அழுத்திக்கொண்டு போங்கள். பசை மேலே படிந்தால் போதாது. உள்ளே இறங்க வேண்டும்.

9. ஐந்து நிமிடத்திற்குள் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக நீவி விடுங்கள். சற்றுக் குழிந்த வடிவம் வர வேண்டும். அப்போதுதான் அழுக்கு தங்காது. துணியும் சுலபமாக ஓடும். நீவியவுடன், பசை ஆடை கட்டுவதற்கு முன்பே, டேப்பை மெதுவாக உரித்துவிடுங்கள்.

10. ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. மூன்று நாள் கிரைண்டர் ஓட்டாதீர்கள். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டு மேலிருந்து உள்ளாக இறுகுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். மேலே தொட்டால் காய்ந்தாற்போல் இருந்தாலும் உள்ளே இளகலாகவே இருக்கும்.

“சமையல் இல்லாம மூணு நாள் எப்படிம்மா இருக்கிறது?” என்ற கேள்வி நியாயமானது. சமைக்கலாம். அடுப்பை முன்னால் இழுத்து வைத்து, பாத்திரத்தை வெளியே துலக்கி, மாவை முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொண்டால் போதும். பண்டிகைக்கோ திருமணத்துக்கோ குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் நாளன்று அடைத்துவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் இறுகிவிடும்.

சுண்ணாம்புச் சுவர் உள்ள வீடுகளில்

எல்லார் வீட்டிலும் டைல்ஸ் இருப்பதில்லை. வெள்ளையடித்த சுவரில் கையை வைத்தால் மாவாக ஒட்டும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். இங்கே கொத்தனாரிடம் சொல்லி மேடைக்கு மேல் நான்கு அங்குல உயரத்துக்குச் சுண்ணாம்பைச் சுரண்டி, சிமெண்டுப் பூச்சில் டைல்ஸ் துண்டுகளையோ கடப்பைக் கல் பட்டையையோ பதித்துக்கொள்ள வேண்டும். டைல்ஸ் கடையில் மிஞ்சிய துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பதிக்கும்போது அந்தப் பட்டைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, நன்றாகக் காய்ந்த பின் அந்த இடைவெளியில் பசையை இடுங்கள்.

விறகு அடுப்பை ஒட்டி நெருப்பு படும் இடத்தில் சிலிக்கான் பயன்படாது. அங்கே களிமண்ணோ சிமெண்டோதான் பூச வேண்டும். விரிசல் விடும்போதெல்லாம் மறுபடி பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

மறந்துவிடும் இடங்கள்

பின்சுவரை அடைத்துவிட்டு மற்ற ஓட்டைகளை விட்டுவிட்டால் கரப்பான் இடம் மாறிக் குடியேறும். சிங்க் விளிம்பு, குழாய் சுவரில் நுழையும் வட்டம், மேடையின் பக்கச் சுவர் மூலை, கழிவுக் குழாய் தரையில் இறங்கும் ஓட்டை ஆகியவற்றையும் சேர்த்தே அடையுங்கள். கேஸ் ரப்பர் குழாய் மேடைக்குள் நுழையும் துளையில் மட்டும் பசையை வைத்துக் குழாயை ஒட்டிவிடாதீர்கள். அந்தக் குழாயைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். அவ்வப்போது வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சில கேள்விகள்

*“வாடகை வீட்டுக்கு நாம ஏன் செலவு பண்ணணும்?”*

வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சுவரில் ஈரம் இறங்குவது அவர் சொத்துக்கும் நஷ்டம்தான். அவர் செய்யாவிட்டாலும், ஒரு குழலின் விலை ஒரு குழந்தையை வயிற்றுப்போக்குக்காக ஒரு தரம் மருத்துவரிடம் காட்டும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

*“இந்த மாசம் கையில காசு இல்லை. என்ன செய்யலாம்?”*

இரவில் படுக்கப் போகும் முன் இடுக்கில் தேங்கிய ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எச்சில் பாத்திரத்தை இரவு முழுவதும் போட்டு வைக்காதீர்கள். குப்பைக் கூடையை மூடி வையுங்கள். சிங்க்கில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். இடுக்கை அடைக்கும் வரையில் இதுவே மருந்து. அடைத்த பிறகும் இதை விடக் கூடாது.

*“எந்த மாதத்தில் செய்வது?”*

சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் மாதங்களில் செய்வதே சிறப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவர் எளிதில் காயாது. மாசி, பங்குனி மிகவும் ஏற்றவை. வீட்டுக்கு வெள்ளையடிப்பதாயிருந்தால் முதலில் வெள்ளையடித்துவிட்டுப் பிறகு அடையுங்கள். சிலிக்கான்மேல் சுண்ணாம்போ பெயிண்டோ ஒட்டாது.

*“ஒரு தடவை செஞ்சா ஆயுசுக்கும் போதுமா?”*

போதாது. நன்றாகச் செய்தால் சில ஆண்டுகள் தாங்கும். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது வருடத்துக்கு ஒரு முறை நகத்தால் நெருடிப் பாருங்கள். ஓரம் பிரிந்திருந்தாலும், உள்ளே கறுத்திருந்தாலும் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து மறுபடி நிரப்புங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை

“அடுப்படி சமாச்சாரம், அவ பாத்துக்குவா” என்று ஒதுங்கிவிடாதீர்கள். மேடையைத் துடைப்பவர் தாய்தான். ஆனால் இடுக்கைத் துடைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதை அவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டும் இருப்பார். கடைக்குப் போய்ப் பசை வாங்கி வருவதும், குனிந்து சுரண்டுவதும், கன்னை அழுத்துவதும் வீட்டு ஆண்கள் செய்யத்தக்க வேலையே. ஒரு மாலைப் பொழுது சுரண்டுவதற்கு, இரண்டு நாள் காய்வதற்கு, ஒரு மணி நேரம் அடைப்பதற்கு. இவ்வளவுதான் கணக்கு.

முறையை மட்டும் மாற்ற வேண்டாம்: முதலில் ஈரத்தின் காரணத்தைக் காணுங்கள், பிறகு சுரண்டுங்கள், பிறகு காய வையுங்கள், கடைசியில் அடையுங்கள். இந்த வரிசையில் எதைத் தாண்டினாலும் மழைக்காலம் வந்ததும் கரப்பான் திரும்பி வந்துவிடும்.

ஈரத்தை நீக்குவோம்! இடுக்கை அடைப்போம்!
குழந்தையின் தட்டைக் காப்போம்!